தொக்கத்துக்கு இங்கிலீசில் என்ன?

குணசேகரனுக்கு வயிறு வலித்தது மஸ்கட்டில். வைத்தியம் நடந்தது குளத்தூருக்குப் பக்கத்தில், அவனுடைய மாமனார் வீட்டுக் கூடத்தில்.

அந்த வீட்டின் இங்கிலீசு இலாகா முழுவதும் மச்சினன் ரகுநாத்தின் பொறுப்பில் இருந்தது. ரகுநாத் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. தினமும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வருகிறவன். உர மூட்டை, மருந்து அட்டை, கரண்டு ஆபீசிலிருந்து வரும் மெசேஜ் என்று எங்கே இங்கிலீசு எழுத்து தட்டுப்பட்டாலும் அவனைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவனும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சின இல்ல" என்பான். இதுவரை ஒன்றும் பிரச்சினை வந்ததில்லை. உர மூட்டை திருப்பிக் கேள்வி கேட்காது.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. மத்தியானம் சாம்பார் சாதம் முடிந்து எல்லோரும் கையைக் கழுவுகிற நேரத்தில் அக்கா வனிதாவின் போனில் வீடியோ கால் வந்தது. வனிதாவின் புருஷன்தான் குணசேகரன். மஸ்கட்டில் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறான். அவன் விமானம் ஏறியதிலிருந்து அவள் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். திரையில் ஒரு பச்சைத் திரைச்சீலை தெரிந்தது. அதற்குக் கீழே கட்டில். கட்டிலில் சுருண்டு படுத்திருந்த குணசேகரனின் முகம், வெயிலில் கருத்த முகம், அன்றைக்குச் சாம்பல் பூத்திருந்தது.

"வனிதா, ரகு இருக்கானா? அவன்ட்டக் குடு. இங்கன கிளினிக்குல டாக்டரு என்னென்னமோ கேக்குறாரு. எனக்கு எஸ் சார், நோ சார், டுமாரோ பினிஷ் சார், இத விட்டா வேறொண்ணும் வராது."

இந்த மூன்றை வைத்துக்கொண்டு குணசேகரன் அங்கே பல மாடிகள் எழுப்பியிருக்கிறான். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம், "டுமாரோ பினிஷ் சார்" என்று சொன்னபோது அவரே ஒரு நிமிடம் பயந்துவிட்டாராம்.

"மலையாளத்துப் பொண்ணு யாரும் அங்கிட்டு இல்லையா மாப்ள?" என்று எட்டிப் பார்த்தாள் ரகுநாத்தின் அம்மா செங்கமலம். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் உள்ளே ஒரு மலையாள நர்ஸ் இருப்பார் என்பது அவளுடைய நம்பிக்கை. பொதுவாக அது பொய்ப்பதில்லை.

"இருந்துச்சு அத்த. நேத்துத்தான் லீவுல ஊருக்குப் போயிருச்சாம்."

போன் ரகுநாத்தின் கைக்கு வந்தது. கண்ணாடி போட்ட டாக்டர் திரைக்குள் குனிந்து வேகமாக ஏதோ கேட்டார். ரகுநாத்துக்கு அதில் 'பெயின்' புரிந்தது. நடுநடுவே நாலைந்து தடவை வந்த, 'அல்லது' என்கிற 'ஆர்' புரிந்தது. எரிகிற வலியா, குத்துகிற வலியா, முறுக்குகிற வலியா என்று கேட்கிறார் போல என்று ஊகித்துக்கொண்டான்.

"எப்புடி மச்சான் வலிக்குது?"

"அதச் சொல்லத்தானே ஒன்னையக் கூப்புட்டேன் மாப்புள. மொதல்ல தொப்புளச் சுத்தி இழுத்துப் புடிச்சுச்சு. இப்ப எறங்கி வலப்பக்கம் அடிவயித்துல நிக்குது. இருமுனாக்கூடக் கொள்ளல. வாந்தி வேற."

வயிற்றைப் பற்றிப் பேச அந்தக் கூடத்தில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. பொருமல், உப்புசம், மந்தம், எதுக்களிப்பு, நெஞ்சு கரிப்பு, புளிச்ச ஏப்பம், கடுப்பு, இரைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிக் கசாயமும் உண்டு. ரகுநாத்திடம் இங்கிலீசில் இருந்தவை ஸ்டமக் பெயின், கேஸ், லூஸ் மோஷன். மூன்றையும் அவன் கல்லூரியில் கற்கவில்லை, மெடிக்கல் ஷாப்பில் கற்றான். அவனுடைய பாடத்திட்டத்தில் சாவுக்குக் குறைவில்லை. வாளால் செத்தார்கள், விஷத்தால் செத்தார்கள், காதல் கைகூடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தே செத்தார்கள். ஒருவருக்குக்கூட ஒருநாளும் வயிறு வலித்ததில்லை.

"எறங்கி நிக்குதுங்குறாரா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து சேர்ந்தார் பெரியப்பா அடைக்கலம். ரகுநாத்தின் அப்பா ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்ப்பதால், வீட்டில் முடிவு எடுக்கும் வேலையைப் பெரியப்பா தாமாகவே பார்த்து வந்தார். "மாப்ள, கடைசியா வெளிய எங்க கையை நனைச்சீங்க?"

"வியாழக்கெழம மாமா. ரூம்ல ஒருத்தன் ஊருக்குப் போறான்னு விருந்து வச்சான். கோழி."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "தொக்கம்."

தின்றது செரிக்காமல் உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டு இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் நிற்பதைத்தான் அந்தப் பக்கம் தொக்கம் என்பார்கள். அதை எடுப்பதற்கென்று ஆள் உண்டு. பித்தளைக் குழலை உடம்பில் வைத்து உறிஞ்சி, இலையில் துப்பிக் காட்டுவார். இலையில் விழும் துண்டு பச்சைப் பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் சுண்டைக்காய் அளவிலேயே இருப்பதை ரகுநாத் சின்ன வயதிலேயே கவனித்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது இங்கிலீசு இலாகா மட்டும்தான், சுகாதாரம் பெரியப்பாவிடம் இருந்தது.

"ஆமா மாமா, எனக்கும் அப்புடித்தான் தோணுது" என்றான் குணசேகரன், பல்லைக் கடித்துக்கொண்டு. "சிவசாமி அண்ணன்ட்ட வந்தா ஒரு நிமிசத்துல எடுத்துருவாரு. மாப்புள, டாக்டர்ட்டச் சொல்லி என்னைய ஊருக்கு அனுப்ப லெட்டர் குடுக்கச் சொல்லுடா."

"மச்சான், அவரு வயித்த அமுக்கிப் பாக்கட்டும், அப்பறம்..."

"மாப்ளைக்கு உசுரு போகுது, இவன் அப்பறங்குறான்" என்றாள் அம்மா. "தொக்கம்னு சொல்லுடா மொதல்ல. எதுக்குடா ஒன்னையப் படிக்க வச்சுருக்கு?"

தொக்கத்துக்கு இங்கிலீசில் என்ன? ரகுநாத் டாக்டரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, தன் போனில் ஞானமணி சாரை அழைத்தான். அவன் கல்லூரி ஆங்கிலத் துறையில் மூத்தவர். மத்தியானத் தூக்கத்திலிருந்து பேசினார்.

"தொக்கமாப்பா? எங்க வீட்டுலயும் எடுப்போம். இங்கிலீசுல நேரா வார்த்த கெடையாது. ஆனா உள்ள போயி நின்னுக்கிட்ட வெளிப்பொருளுக்கு 'ஃபாரின் பாடி'ன்னு சொல்லுவாங்க. அதப் போடு. கௌரவமா இருக்கும்."

கௌரவமாகத்தான் இருந்தது. ரகுநாத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு டாக்டரிடம் இங்கிலீசில் சொன்னான்: சார், இவர் வயிற்றுக்குள் ஒரு ஃபாரின் பாடி இருக்கிறது. விழுங்கிவிட்டார். தயவுசெய்து இவரைச் சீக்கிரம் இந்தியாவுக்கு அனுப்புங்கள். இங்கே எங்கள் ஊரில் ஒருவர் அதை வெளியே எடுப்பார்.

குணசேகரனின் அடிவயிற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்த டாக்டரின் கை அப்படியே நின்றது.

என்ன பொருள் என்று கேட்டார். ரகுநாத் யோசித்தான். தொக்கம் என்னவென்று எடுக்கும் முன்னால் யார் சொல்ல முடியும்? வெளியே எடுத்த பிறகுதான் தெரியும் சார், என்றான்.

எத்தனை?

"மச்சான், எத்தன துண்டு சாப்புட்டீங்க?"

"நாலு இருக்கும். பெருசு பெருசா."

நான்கு சார், பெரியது.

யார் கொடுத்தது? அவருடைய அறையில் இருந்த ஒருவர். அவர் எங்கே? அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார் சார். எடுக்கப்போகிறவர் பெயர்? சிவசாமி. இதில் அனுபவம் உள்ளவரா? ரகுநாத்துக்கு முதல்முறையாக உரையாடல் நன்றாகப் போவதுபோல் இருந்தது. எக்ஸ்பர்ட் சார், மாவட்டம் முழுக்க இவரிடம்தான் வருவார்கள் என்றான்.

டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

"பாரு, எப்புடி விசாரிக்கிறாரு மனுசன்!" என்றார் பெரியப்பா. "நம்ம ஊரு டாக்டருக தலையத் தூக்கிப் பாப்பாய்ங்களா?"

கொஞ்ச நேரத்தில் குணசேகரனின் குரல் கம்மிப்போய்க் கேட்டது. "மாப்புள... யூனிபாரம் போட்ட ஆளு ஒருத்தரு வந்து கட்டுலுக்குப் பக்கத்துல நிக்குறாரு. போலீசாட்டம் இருக்கு. நீ என்னடா சொன்ன?"

ரகுநாத் தான் சொன்ன ஒவ்வொன்றையும் மனசுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தான். வயிற்றுக்குள் விழுங்கிய பொருள். நான்கு. பெரியது. கொடுத்தவன் தப்பிவிட்டான். ஊரில் எடுப்பதற்கு ஆள் காத்திருக்கிறான், எக்ஸ்பர்ட். எல்லாம் சேர்ந்து, வயிற்றில் சரக்கு கடத்துகிறவனின் வாக்குமூலமாக இருந்தது.

"சிக்கன் சார்! ஒன்லி சிக்கன்!" என்று போனுக்குள் கத்தினான்.

யூனிபாரம் போட்டவர் திரையில் குனிந்து பார்த்தார். இந்த மாதிரி வார்த்தைகளையெல்லாம் நிறையக் கேட்டவர்போல மெதுவாகத் தலையாட்டினார். குணசேகரன் கையிலிருந்த போனை வாங்கினார். கால் கட்டானது.

"என்னடா ஆச்சு?" என்றாள் வனிதா.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறாங்க போலக்கா. ஸ்கேன் பண்ண." இதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்புறம் போன் எடுக்கப்படவே இல்லை. வாட்ஸ்அப்பில் போனால் மணியடிக்காமல் ஓய்ந்தது. நேராகக் கூப்பிட்டால், இவர்கள் போட்ட ரீசார்ஜில் வெளிநாட்டு அழைப்பு கிடையாது என்று ஒரு பெண் குரல் தமிழில் மிகத் தெளிவாகச் சொன்னது. குணசேகரனின் ரூம்காரர்கள் நம்பர் எதுவும் வனிதாவிடம் இல்லை.

ரகுநாத் கொல்லைப்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, செய்திருக்க வேண்டிய வேலையை அப்போது செய்தான். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கும் வலி என்று போனில் தேடினான். முதல் பதிலே அப்பெண்டிசைடிஸ் என்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அப்பன்டீஸ். அந்தத் தெருவிலேயே பலர் வயிற்றில் அதற்கான தழும்பு இருக்கிறது. மச்சான் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல், தெரிந்த ஓட்டை இங்கிலீசில் சொல்லியிருந்தாலே போதும்.

மேற்கொண்டு வாசித்தான். தாமதமானால் பெர்ஃபொரேஷன், அதாவது குடல்வால் உள்ளேயே வெடித்துவிடும். அதன் பிறகு பெரிட்டோனைட்டிஸ். அதற்குக் கீழே தமிழில் 'வயிற்று உள்ளுறை அழற்சி' என்று போட்டிருந்தது. அந்தத் தமிழுக்கு இன்னொரு தமிழ் தேவைப்பட்டது. ஒரு மத்தியானத்தில் அவன் வயிற்றைப் பற்றி இருபது முப்பது இங்கிலீசு வார்த்தைகள் கற்றுக்கொண்டான். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகப் பேசி மச்சான் நம்பருக்கு அனுப்பினான். ஒற்றை டிக் விழுந்து நின்றது.

கூடத்திலிருந்து கூப்பாடு கேட்டது. பெரியப்பா மொபெட்டில் போய்ச் சிவசாமியைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"ஆளு மஸ்கட்டுல இருக்காரு, நீங்க இங்கிட்டு எப்புடிண்ணே எடுப்பீங்க?" என்று கேட்டான் ரகுநாத்.

சிவசாமி கோபப்படவில்லை. சாந்தமான மனிதர். "தம்பி, நீங்க போன்ல மொகத்தப் பாத்துப் பேசுறீங்கள்ல, அது மட்டும் எப்புடி?" என்றார். "கட்டுன பொஞ்சாதி வந்து உக்காரட்டும். புருசன் பேரச் சொல்லி எடுத்துருவோம்."

வனிதா உட்கார்ந்தாள். அழுது அழுது அவளுக்கு மறுக்கத் தெம்பு இல்லை. சிவசாமி அவள் உள்ளங்கையில் பித்தளைக் குழலை வைத்து, "குணசேகரன்" என்று மூன்று தடவை சொல்லி, கன்னம் ஒட்ட உறிஞ்சி, வாழை இலைத் துண்டில் துப்பினார். சுண்டைக்காய் அளவு கோழிச் சதை.

பெரியப்பா குனிந்து, இலையை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார்.

"வனிதா புரட்டாசிக்கு விரதம்" என்றாள் அம்மா. "மாசம் பொறந்ததுலேர்ந்து இந்த வீட்டுல முட்டகூட ஒடைக்கல."

"அப்ப இது யாரோடது?" என்றார் பெரியப்பா. சொல்ல வேண்டியதே இல்லை. மஸ்கட்டில் வியாழக்கிழமை தின்ற கோழி, சனிக்கிழமை சாயங்காலம் குளத்தூர்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. அம்மா இலையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிவசாமிக்குக் காப்பி போட அடுப்பு பற்றவைக்கப்பட்டது. வீடு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிக்குள் ரகுநாத் ஒருவன்தான் வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

அப்போது போன் அடித்தது. குணசேகரன் நம்பரிலிருந்து வீடியோ கால்.

வேறு இடம், வேறு டாக்டர். பெண். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். ஸ்கேனில் விழுங்கிய பொருள் எதுவும் இல்லை. சோதித்து உறுதிசெய்யவே நேரம் போய்விட்டது. அப்பெண்டிக்ஸ் பெர்ஃபொரேட் ஆகிவிட்டது. உடனே ஆபரேஷன். மொழி தெரிந்த நர்ஸ் ஆறு மணிக்குத்தான் வருவார், அதுவரை காத்திருக்க முடியாது. சில கேள்விகள் கேட்க வேண்டும்.

ரகுநாத்துக்கு இந்த முறை எல்லாமே புரிந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை. அதை அக்காவிடம் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

"என்னடா சொல்றாங்க?"

"அப்பன்டீஸாம்க்கா. எடுக்கணுமாம். இப்பவே."

"அதான் எடுத்தாச்சுல்ல!" என்றார் பெரியப்பா. "எடுத்தாச்சுன்னு சொல்லுடா அந்தம்மாட்ட. கத்தி எதுக்கு வைக்கிறாக?"

ரகுநாத் அதை மொழிபெயர்க்கவில்லை. போன் குணசேகரனின் முகத்துக்குத் திரும்பியது. கையில் ஊசி, மூக்கில் குழாய். சிரிக்கப் பார்த்தான்.

"மாப்புள, நீ என்னத்தப் பேசுனியோ, அந்தப் போலீசுக்காரரு போயிட்டாருடா. நல்லாத்தான் படிக்கிற." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இப்ப வலிகூடக் கொறஞ்சாப்புல இருக்கு."

"பாத்தியா!" என்றாள் அம்மா, இலையைப் பார்த்து.

வெடித்த உடனே வலி குறைந்ததுபோல் இருக்கும் என்றும் வாசித்திருந்தான் ரகுநாத். "சரி மச்சான். ஒண்ணும் பிரச்சின இல்ல" என்றான்.

டாக்டர் கேட்டார்: இவருக்கு ஏதாவது மருந்து அலர்ஜியா?

"மச்சானுக்கு ஒடம்புக்குச் சேராதது ஏதாச்சும் இருக்காக்கா?"

"கத்திரிக்கா" என்றாள் வனிதா.

"கருவாடு" என்றாள் அம்மா. "போன தடவ லீவுக்கு வந்தப்ப மீமிசல் கருவாட்டத் தின்னுட்டு ராவெல்லாம் சொறிஞ்சாரே."

"குளுந்த தண்ணியும் ஆகாது" என்றார் பெரியப்பா. "சளி புடிக்கும்."

மத்தியானம் இந்தக் கூடம் சொன்னதையெல்லாம் அள்ளிக் கொட்டியதால் வந்த வினையை ரகுநாத் மறக்கவில்லை. ஆகவே இந்த முறை தானே சலித்தான். கத்திரிக்காயை ஒதுக்கினான், கருவாட்டை ஒதுக்கினான், குளிர்ந்த தண்ணீரை ஒதுக்கினான். மிச்சம் ஒன்றுமில்லை.

நோ அலர்ஜி, மேடம்.

நன்றி சொன்னார். குணசேகரனின் போனை அணைத்து லாக்கரில் வைக்கப்போவதாகச் சொன்னார். கட்டானது.

பெரியப்பா சிவசாமிக்குக் காப்பி டம்ளரை நீட்டினார். வனிதா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே, உள்ளங்கையில் குழல் பதிந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"ரகு, மருந்துன்னா ஊசியும் சேத்தியாடா?"

"ஏன்க்கா?"

"கல்யாணமான புதுசுல காச்சல்னு ஒரு ஊசி போட்டாங்க. மூஞ்சியெல்லாம் வீங்கிருச்சு. கண்ணே தெரியல. மூச்சு விடமுடியலன்னு ஒரே ரகள. அப்பறம் மாத்து ஊசி போட்டுத்தான்..."

"என்ன ஊசிக்கா அது?"

"எனக்கென்னடா தெரியும்? வெள்ளையா இருந்துச்சு."

அவன் அழைத்தான். ஓய்ந்தது. திரும்ப அழைத்தான். ஓய்ந்தது. கிளினிக் பேரும் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரி பேரும் தெரியாது. மஸ்கட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிகளைப் போன் வரிசையாகக் காட்டியது. எல்லாவற்றுக்கும் நம்பர் இருந்தது. அந்தப் பெண் குரல் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, தெளிவாக, முடியாது என்றது. டவுனுக்குப் போய் வேறு ரீசார்ஜ் போட்டு வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

ரகுநாத் மெசேஜ் தட்டினான். இன்ஜெக்ஷன். ஃபேஸ். ஸ்வெல்லிங். மூன்று வார்த்தையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை. அனுப்பினான். ஒற்றை டிக் விழுந்தது.

"டேய்," என்று கூப்பிட்டார் பெரியப்பா, காப்பியை ஆற்றிக்கொண்டே, "அந்த எலைய ஒரு போட்டோ எடுத்து அந்த டாக்டரம்மாவுக்கு அனுப்பி விடுடா. அவங்களும் தெரிஞ்சுக்கிறட்டும்."

வனிதா தம்பியின் தோளை ஒட்டி வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"ரெண்டாவது டிக்கு விழுந்துருச்சாடா?"

"இன்னும் இல்லக்கா."